‘ம’ அளவு

கீழமடை தாலுகா ஆபீசில் வள்ளிமயில் என்று ஒரு கிளார்க் இருந்தாள். அவளுக்கு அகலமான இடுப்பு இருந்தது. அது அவளுக்குத் தெரிந்ததைவிட ஊருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அடர்நிறமாகக் கட்டு, உடம்பு தெரியாது என்றாள் அக்கா. நெடுக்குக் கோடு போட்டதாக எடுங்க, ஒல்லியாகக் காட்டும் என்றாள் ஜவுளிக்கடைப் பெண். பெரிய பூ வேண்டாம், கட்டம் வேண்டாம், விறைப்பாக நிற்கிற காட்டன் வேண்டவே வேண்டாம் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள்கூட, பேர் ஊர் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டு இறங்கிப்போனாள். ஆளுக்கொன்றாகச் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டு, பதினான்கு வருஷம் கருநீலத்தையும் காப்பித்தூள் நிறத்தையும் மாற்றி மாற்றிக் கட்டி, முந்தானையை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்திக்கொண்டு, பின்கட்டு ரெக்கார்டு ரூமில் பழைய பைல்களுக்கு நடுவே இன்னொரு பைலாக அவள் இருந்தாள். புருஷனுக்குச் சிவகாசியில் லாரி ஆபீசில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார், நல்ல மனுஷன், இந்தச் சீலை எப்படி என்று கேட்டால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே நல்லாருக்கு என்பார். பார்க்காமல் சொன்னதால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அந்த வருஷம் வைகாசியில் முன் கவுண்டரில் இருந்தவர் ரிட்டயர் ஆனார். தாசில்தார் வள்ளிமயிலைக் கூப்பிட்டு, அடுத்த செவ்வாயிலிருந்து சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் உங்கள் பொறுப்பு, முன்னால் வந்து உட்காருங்கள் என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தினமும் இருநூறு பேர் பார்க்கப்போகிறார்கள், எதைக் கட்டினாலும் பார்க்கத்தான் போகிறார்கள், கருநீலத்துக்குள் ஒளிந்துகொண்டாலும் இடுப்பு கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய்விடப் போவதில்லை, அப்படியென்றால் பார்க்கிறவர்களுக்கு நல்லதாக ஏதாவது இருந்துவிட்டுப் போகட்டுமே. நேரே ஜவுளிக்கடைக்குப் போய்க் கடுகு மஞ்சளில் ஒரு காட்டன் சீலையை, அதில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு இலை போட்டிருந்ததை, எடுத்துப் போடச் சொன்னாள். கடைப்பெண் இது உங்களுக்கா என்று இழுத்தாள். எனக்குத்தான் என்றாள் வள்ளிமயில்.

ஜாக்கெட் துணியைப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரோஜா டைலர்ஸ் ஞானதுரையிடம் கொடுத்தாள். ஞானதுரைக்கு ஒரு பழக்கம், அளவைத் துண்டுச்சீட்டில் எழுதி, பேருக்குப் பதில் ஒரே ஓர் எழுத்தைப் போட்டு, துணியோடு குண்டூசியால் குத்திவைப்பார். ஊரே அவளை மயில் மேடம் என்பதால் அவள் சீட்டில் ‘ம’ என்றிருந்தது. அதே மேஜையில் இன்னொரு ‘ம’வும் இருந்தது, அது மடைகாத்தாள் அம்மனுடையது. கல்லாய் நிற்கிற அம்மனுக்கு ரவிக்கை தைத்துச் சாத்துவது அந்த ஊர் வழக்கம், முன்பக்கம் மட்டும்தான், பின்னால் நாடா வைத்துக் கட்டிக்கொள்வார்கள். ஞானதுரை ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அம்மனைப் பக்கத்தில் பார்த்தது கிடையாது, பூசாரி உலகநாத பண்டாரம் நூல் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்த அளவை வைத்து இருபது வருஷமாகத் தைத்து அனுப்புகிறார். அந்த வாரம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம், அவசரத்தில் குண்டூசி மாறிப்போனது.

பருமனான பெண்களுக்கு எந்த டைலரும் கேட்காமலே இரண்டு இஞ்ச் கூடுதலாக விடுவார், கழுத்தை மேலே ஏற்றுவார், கையைத் தொளதொளப்பாக்குவார், உடம்பை மூடி மறைத்துவிட்டால் உபகாரம் செய்ததாக நினைத்துக்கொள்வார். அம்மனுக்கு யாரும் அப்படி விடுவதில்லை. சிற்பி எங்கே வளைத்தானோ அங்கே வளைந்து, எங்கே நிமிர்த்தினானோ அங்கே நிமிர்ந்து, கூச்சம் என்பதே இல்லாமல் எடுத்த அளவு அது. அந்த அளவில், முதுகும் கொக்கியும் வைத்து, வள்ளிமயிலுக்கு ஒரு ஜாக்கெட் தைத்து வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் போட்டுப் பார்த்தாள். கொக்கி ஒவ்வொன்றும் இழுத்துப் பிடிக்காமல் தானாக வந்து மாட்டியது. கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கவில்லை, குனிந்தால் முதுகில் ஏறவில்லை, மூச்சை இழுத்துவிட்டால் ஜாக்கெட்டும் கூடவே மூச்சு விட்டது. ஐந்தரை மீட்டர் அவள் இடுப்பைச் சுற்றி வந்தபின் கொசுவத்துக்கு ஐந்து மடிப்புதான் மிஞ்சியது, அந்த ஐந்தையும் அகலமாக எடுத்து நேராகச் செருகினாள், முந்தானையைப் போர்த்தாமல் நாலு மடிப்பாக மடித்துத் தோளில் பின் குத்தினாள். கண்ணாடியில் நின்றவளை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை, ஆனாலும் ரொம்ப நாளாகத் தெரிந்தவள்போல இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

பத்து மணிக்கு அவள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு முன் கவுண்டரில் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு, அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கோயிலில், உலகநாத பண்டாரம் நைவேத்தியத்துக்காக மூடிய திரையை விலக்கினார். காலையில் அவர் கையாலேயே சாத்திய சிவப்புப் பட்டும், ஏனோ இந்தத் தடவை தொளதொளவென்று வந்திருந்த புது ரவிக்கையும் அம்மன் மேல் இல்லை. அம்மன் கடுகு மஞ்சளில் நின்றாள். உள்ளங்கை அகலக் கறுப்பு இலை, முழங்கைவரை இறங்கிய ஜாக்கெட் கை, தோளில் நாலு மடிப்பு, மடிப்பில் ஒரு பின். பண்டாரம் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ உபயம் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்து மணியை அடித்தார்.

கோயில் வாசலில் பூக்கடை போட்டிருக்கும் முப்பிடாதிதான் முதலில் கண்டுபிடித்தாள். வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு நேரே வந்தவள், சாமி கும்பிடக் கையைத் தூக்கியவள், தூக்கிய கை தூக்கியபடியே, “பண்டாரம், அம்மன் மயில் மேடம் சீலையல்லா கெட்டிருக்கா” என்றாள்.

புதன்கிழமை வள்ளிமயில் வெள்ளைக் கட்டம் போட்ட ரோஸ் நிறத்தில் வந்தாள், அம்மனும் ரோஸ் நிறத்தில் வெள்ளைக் கட்டம் போட்டு நின்றாள். வியாழக்கிழமை செப்புக்குடம்போல மினுங்கும் ஒரு விறைப்பான காட்டன், அம்மனுக்கும் அதே விறைப்பு. காலேஜில் பிசிக்ஸ் எடுக்கும் ஒரு வாத்தியார் கோயிலில் நின்றுகொண்டு ஆபீசில் நின்ற நண்பரோடு போனில் பேசியபடியே சோதித்துப் பார்த்தார். அங்கே பதிவேட்டில் கையெழுத்து முடிகிற இடத்தில் இங்கே சீலை மாறுகிறது என்று நோட்டில் எழுதினார், எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் அவள் வேலை முடிந்து கிளம்புகிற கையெழுத்தைப் போட்டதும் அம்மன் பண்டாரம் சாத்திய பழைய சிவப்புக்குத் திரும்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளிலும் மாறுவது கிடையாது, இதில் பண்டாரத்துக்குப் பெரிய நிம்மதி, ஏனென்றால் லீவு நாளில் வள்ளிமயில் நைட்டியில் இருப்பாள்.

ஊருக்கு இது பழக ஒரு மாதம்கூட ஆகவில்லை. பத்தரை மணிக்கு அம்மன் இன்னும் சிவப்பிலேயே இருந்தால் இன்றைக்கு மேடம் லீவு, சான்றிதழுக்கு நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் பூக்கடையிலேயே சொல்லி அனுப்பினார்கள். கோயில் படி ஏற முடியாத முடவர்களும் முழங்கால் வலிக்காரிகளும் தாலுகா ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, மனுக் கொடுக்க ஒன்றுமில்லாமல், அவளைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். வள்ளிமயிலுக்கு முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது, பிறகு அடுத்த மனுவைக் கொடுங்கள் என்று சொல்லப் பழகிக்கொண்டாள். பள்ளிக்கூட டீச்சர்கள், பேங்க்காரிகள், ஆஸ்பத்திரி நர்சுகள், யார் யாரெல்லாம் இத்தனை வருஷம் கருநீலத்தில் குனிந்து நடந்தார்களோ அவர்களெல்லாம் ரோஜா டைலர்ஸ் வாசலில் நின்று ‘ம’ அளவில் தையுங்கள் என்றார்கள். அவரவர் உடம்பை உள்ளபடி அளந்து, கூட்டாமல் குறைக்காமல் தைப்பதற்கு அந்த ஊரில் ‘ம’ அளவு என்று பேராகிவிட்டது. அந்த ஆடி மாதக் காற்றில் காலை ஒன்பதரை மணிக்குக் கீழமடை மெயின் ரோட்டைப் பார்க்க வேண்டும், வாடாமல்லியும் கிளிப்பச்சையும் மாம்பழ நிறமுமாக, அகலமான பெண்கள் அகலமாக நடந்து வேலைக்குப் போனார்கள், பஸ்கள் ஒதுங்கி நின்றன. ஒல்லியான ஒருத்தி இரண்டு உள்பாவாடை கட்டியதாகவும் பேச்சு.

ஞானதுரை மட்டும் தூக்கம் இல்லாமல் தவித்துவிட்டு ஒருநாள் கவுண்டருக்கு வந்து, சீட்டு மாறிப்போன விஷயத்தைச் சொல்லி, உங்கள் சரியான அளவில் வேறு தைத்துத் தருகிறேன் என்றார். அதுதான் சரியான அளவு, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் வள்ளிமயில்.

இத்தனையிலும் ஒரு விசித்திரம் என்னவென்றால், ஊரே பார்த்ததை அவள் மட்டும் பார்க்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அம்மன் மாறுவாள், கிளம்புகிற கையெழுத்தைப் போட்டால் பழையபடி ஆகிவிடுவாள், கருவறையைப் படம் பிடிக்கவும் அனுமதி கிடையாது. மற்றவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. அவளுக்கு என்று இருந்தது காலையில் கண்ணாடி முன்னால் ஒரு கால் மணி நேரம், இன்றைக்கு எது என்று பீரோவைத் திறந்து நிற்கிற அந்தக் கால் மணி நேரம், அதை அவள் உயிராக வைத்திருந்தாள்.

ஒரு புதன்கிழமை மழை பெய்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், அதனால் வள்ளிமயில் வானநீலத்தில் ஒரு சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள், இடுப்பிலிருந்து விரிந்து இறங்குகிற வெட்டு, கழுத்தில் வெள்ளைத் துப்பட்டா. பத்து மணிக்கு மடைகாத்தாள் சுடிதாரில் நின்றாள்.

சாயங்காலமே கோயில் கமிட்டி கூடியது. அடுத்த நாள் கமிட்டித் தலைவர், ரைஸ் மில் ஆவுடையப்பன், இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, அம்மன் மேல் உண்மையான பயபக்தி உள்ளவர், வரிசையில் நின்று தன் முறை வந்த பிறகே பேசினார். கையைக் கூப்பிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். வெள்ளி செவ்வாய் சிவப்பு, மற்ற நாளில் மஞ்சள் அல்லது அரக்கு, சீலை மட்டும், முந்தானை போர்த்தியபடி, கரை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. சீலைகளைக் கமிட்டியே எடுத்துக் கொடுக்கும். பிறகு ரொம்பத் தயங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எங்களுக்கு ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல, மேடம். ஆனா பெரிய பூவு, கட்டம் எல்லாம் கெட்டுனா அம்மன் கொஞ்சம் பருமனாத் தெரியுறா. அதான்.”

வள்ளிமயில் அந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். ஒரு சாமியைப் பார்த்து அதைச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். சொல்ல எவ்வளவோ இருந்தது; ஆனால் வந்திருப்பது ஊர், கேட்பது ஊரின் அம்மனுக்காக, எனக்குப் பிடித்ததைத்தான் கட்டுவேன் என்று சொல்ல நான் யார் என்று அவள் நினைத்தாள். சரிங்க என்று தாளை வாங்கி, மனுக்களுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப்பின் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் தேவைப்படவில்லை, இரண்டு நிமிஷம் போதும். கமிட்டி கொடுத்த அரக்கு, கமிட்டி கொடுத்த அடர்சிவப்பு, ‘ம’ அளவு ஜாக்கெட் மேலே முந்தானையைப் போர்த்திவிட்டால் எந்த அளவாக இருந்தால் என்ன. அம்மனும் அப்படியே அரக்கில் நின்றாள், அடக்கமாகத்தான் இருந்தாள், ஆனால் கும்பிட வந்தவர்கள் சீக்கிரம் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மெயின் ரோட்டில் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கருநீலத்துக்குத் திரும்பினார்கள், ஒருவரும் அவர்களைத் திரும்பச் சொல்லவில்லை. வள்ளிமயிலுக்குத் தன் வாழ்க்கையில் கிடைத்த ஒரே ஒரு நல்ல விஷயத்தைத் தானே மடித்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டதுபோல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, ஒனக்கு ஒடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஆடி கடைசிச் செவ்வாய் மடைகாத்தாளுக்குக் கொடை, வருஷத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா. அன்று விடிகாலையிலேயே அம்மனை அலங்கரித்துத் திரையைப் போட்டுவிடுவார்கள், மதியக் கொடைக்கு, பன்னிரண்டு மணிக்குத்தான் விலக்குவார்கள், சுற்றுவட்டார ஊரெல்லாம் வந்து நிற்கும். கொடைச் சீலை என்று கமிட்டி ஒரு கருஞ்சிவப்பைக் கொடுத்தனுப்பியிருந்தது, பூ இல்லை, கட்டம் இல்லை, நூல் பிடித்ததுபோல ஒரு கரை. வள்ளிமயில் குளித்துவிட்டு வந்து பீரோவைத் திறந்தாள். அதில் யாருக்கும் சொல்லாமல், முந்தின வாரம் ஒரு ஆபீஸ் வேலையாகத் தென்காசிக்குப் போனபோது, கட்டப்போவதில்லை என்று தெரிந்தே அவள் எடுத்துவந்த ஒரு சீலை இருந்தது. கிளிப்பச்சை, அதில் செம்பருத்தி, ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம், இடுப்பைச் சுற்றினால் இரண்டே பூவில் இடுப்பு நிறைந்துவிடும். அதைக் கையில் எடுத்தாள், மேலே வைத்துக்கூடப் பார்க்கவில்லை, தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துப் பூட்டினாள். கருஞ்சிவப்பைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்ப் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டாள், பதினொன்றரைக்குப் பெர்மிஷன் சொல்லிவிட்டு, கிளம்புகிற கையெழுத்தைப் போடாமலே கொடைக்குப் போனாள்.

கூட்டம் அவளுக்கு வழி விட்டது. கருஞ்சிவப்பைப் பார்த்து ஆவுடையப்பன் தூரத்திலிருந்தே திருப்தியாகத் தலையசைத்தார். மேளம் உச்சத்துக்குப் போனது, குலவை எழுந்தது, பண்டாரம் திரையை விலக்கினார்.

குலவை நின்றது. ஒவ்வொன்றாக மேளமும் நின்றது. மடைகாத்தாள் கிளிப்பச்சையில் நின்றாள்; சாப்பாட்டுத் தட்டு அகலச் செம்பருத்திகள் கால்மாட்டிலிருந்து ஏறி, தொடையில் விரிந்து, இரண்டே பூவில் இடுப்பை நிறைத்து, மார்பைக் கடந்து தோள்வரை போயிருந்தன. மாலைகள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. அந்தச் சீலையை அந்த ஊரில் யாரும் பார்த்தது கிடையாது. சாமி வந்து ஆடத் தயாராக நின்றவர்கள்கூட ஆடாமல் வெறுமனே நின்றார்கள், ஆயிரம் பேர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வள்ளிமயில் அம்மனை முதல் தடவையாகப் பார்த்தாள். இத்தனை வருஷமும் பூவுக்கும் பட்டுக்கும் பின்னால் ஒரு முகத்தைத்தான் பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள், இன்றைக்கு உடம்பைப் பார்த்தாள். அகலமான இடுப்பு. கனத்த தோள். முந்தானை விலகிய இடத்தில் வயிற்றில் மூன்று மடிப்பு, அழுத்தமாக, தெளிவாக, செய்தவன் வெட்கப்படாமல் ரசித்து ரசித்துச் செதுக்கிய மூன்று மடிப்பு. தினமும் காலையில் அவள் சீலைக்குள் செருகி மறைக்கிற அதே மூன்று. கை கூப்ப வேண்டும் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

பக்கத்தில் நின்ற முப்பிடாதி அம்மனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். “மேடம், அது யார் சீல?”

“என் சீலதான்.”

“நீங்க கெட்டலையே.”

“கெட்டணும்னு நெனச்சேன்” என்றாள் வள்ளிமயில்.

மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த அமைதியில் அது கடைசி வரிசைவரை கேட்டது. பெண்கள் இருந்த பக்கம் ஒரு சலசலப்பு, கருநீல முந்தானைகளுக்குள் யாரோ விசும்பினார்கள். ஆவுடையப்பன் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வள்ளிமயில் முன்னால் வந்து நின்றார். துண்டு கட்டிய இடுப்போடு அவர் யார் முன்னாலும் நின்று அந்த ஊர் பார்த்ததில்லை.

“மேடம், வீட்டுக்குப் போயி அந்தச் சீலையக் கெட்டிட்டு வந்துருங்க. நீங்க வந்தபொறவுதான் தீபாராதன.”

“நேரமாகும்” என்றாள்.

“ஆவட்டும். அம்மனே காத்துக்கிட்டு நிக்கா, எங்களுக்கு என்ன.”

அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள். வீட்டைத் திறந்து, பீரோவைத் திறந்து, கருஞ்சிவப்பை அவிழ்த்து மடித்து வைத்தாள். தெரு முழுக்கச் சத்தமே இல்லை, மேளக்காரர்கள் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பண்டாரம் சூடத்தட்டை ஏற்றாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார், உச்சிவெயிலில் ஆயிரம் பேர் நின்றார்கள். பன்னிரண்டரை ஆயிற்று, ஒன்றும் ஆயிற்று, சீக்கிரம் வரச் சொல்லி யாரும் ஆள் அனுப்பவில்லை. வள்ளிமயில் கண்ணாடி முன்னால் நின்று கொசுவம் மடித்தாள். மூன்றாவது மடிப்பில் ஒரு செம்பருத்தி பாதியாக மறைந்துபோயிற்று. முழுப் பூவும் தெரிய வேண்டும் என்று நினைத்து, பிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள்.